லேன் லூட்டி: சுடுறதுக்கு முன்னாடி எண்ணு மச்சி!

20-க்கு மைனஸ் 2!

கிரிக்கெட் ஸ்கோர்னு நினைச்சுடாதீங்க மக்களே. ‘க்வேக் 3 அரீனா’வை முதல் தடவை ஆடுற ஃபர்ஸ்ட் இயர் பையன், ரெண்டு வருஷமா ஆடுற சீனியரோட ஒத்தைக்கு ஒத்தை மோதினா ஸ்கோர் போர்டு ஏறக்குறைய இப்படித்தான் நிக்கும். ‘அதென்ன மைனஸ்?’னு கேட்குறீங்களா? பக்கத்துச் சுவத்துல ராக்கெட்டை விட்டு, அந்த வெடியில தானே செத்தா ஒரு பாயின்ட் கட். சொந்த செலவுல சூனியம்!

ஸ்கோர் பிரச்னையே இல்லை. அதுக்கு அடுத்து அந்தப் பையன் சொல்ற டயலாக் இருக்கே... “எனக்கு இதெல்லாம் செட் ஆகாதுண்ணா!” இந்த வாரம் நாம பேசப்போறது அந்த டயலாக்கைப் பத்திதான்.

திருவண்ணாமலை ரமணாசிரமம் ஏரியாவுல, செங்கம் ரோட்டை ஒட்டின சந்துகள்ல ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பசங்களைப் பாருங்க. போளூர், கலசபாக்கம், ஜவ்வாது மலைன்னு சுத்துவட்டாரத்துல இருந்து வந்தவங்க. சில பேர் வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே அவங்கதான். சின்ன வயசுல இருந்தே வீட்டுல கம்ப்யூட்டர் வெச்சிருந்த பையனோட உட்கார்ந்து ஆடி, 20-க்கு மைனஸ் 2 வாங்கினா, அவன் ‘கேம் கஷ்டம்’னு நினைக்க மாட்டான். ‘நான்தான் மக்கு’னு நினைச்சுக்குவான். அங்கதான் சீனியர் தேவைப்படுறார்!

‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ மாதிரி டீம் கேம்ல தோத்தா பழி போட நாலு பேர் இருக்காங்க. க்வேக் ஒத்தைக்கு ஒத்தையில மேப்ல இருக்கிறதே ரெண்டு பேர். துப்பாக்கியில இருந்து கவசம் வரைக்கும் எல்லாம் அந்த மேப்லயே ரெண்டு பேருக்கும் பொதுவா கிடக்கு. தோத்தா அது முழுக்க முழுக்க உன் தோல்வி. இந்த வகை கேம்ல புதுசா வர்றவன் சீக்கிரம் ஓடிப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸோ, ஜூனியருக்குக் கத்துக்கொடுக்குறது எப்படி? வாங்க பார்ப்போம்.

செலவு? நயா பைசா இல்லை!

1999 டிசம்பர்ல வெளிவந்த கேம் இது. 2005-ல இதோட சோர்ஸ் கோடை இட் சாஃப்ட்வேர் நிறுவனம் இலவசமாத் திறந்துவிட்டாங்க. அதை வெச்சு உருவானதுதான் ‘ஓப்பன் அரீனா’. ஃப்ரீ! 2011-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைச்ச பழைய பெட்டி வீட்டுல தூங்குதா? தூசி தட்டி எடுங்க, போதும். ரெண்டு லேப்டாப், நடுவுல ஒரு ஒயர், லேன் ரெடி!

முதல் வாரம்: துப்பாக்கிக்கு லீவு

ஜூனியரை உடனே சண்டைக்கு இழுக்காதீங்க. காலியான மேப்ல நடக்க விடுங்க. ரெட் ஆர்மர் எங்கே, மெகா ஹெல்த் எங்கே, ராக்கெட் லாஞ்சர் எங்கே... மூணும் கண்ணை மூடினா தெரியணும்.

நம்ம ஏரியா பசங்களுக்கு இது ஈஸி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில அக்னி லிங்கம் தாண்டினா ஆசிரமம், அதுக்கு அப்புறம் எம லிங்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாங்க. அதே டெக்னிக்தான். மேப்புக்குள்ள ஒரு சுத்துப் பாதை போட்டு, நிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் பேர் வெச்சிடுங்க. நடந்து பழகினவன் கையில மேப் இருக்கும். பார்த்து மட்டும் பழகினவன் கையில வெறும் மவுஸ்தான்!

ரெண்டாவது வாரம்: கடிகாரம்

இதுதான் கேமோட உயிர்நாடி. ரெட் ஆர்மரை யாராவது எடுத்தா, அது திரும்ப வர 25 செகண்ட். மெகா ஹெல்த்துக்கு 35 செகண்ட். எதிராளி 2:10-க்கு ரெட் ஆர்மர் எடுத்தானா? 2:35-க்கு அது மறுபடி அங்கேயே முளைக்கும். நீ 2:32-க்கு அங்கே நிக்கணும். 10 நிமிஷ ஆட்டத்துல ரெட் ஆர்மர் அதிகபட்சம் 24 தடவைதான் கிடைக்கும். அதுல யார் எத்தனை எடுத்தாங்கன்னு பார்த்தாலே, ஜெயிச்சது யாருன்னு பெரும்பாலும் சொல்லிடலாம்.

ஏன் இவ்வளவு பில்டப்? கணக்கைப் பாருங்க. ரெயில்கன்ல ஒரு அடி 100 டேமேஜ். வெறும் 100 ஹெல்த்தோட நின்னா ஒரே அடியில ஆள் காலி. அதே ஆள் 100 ஆர்மரும் போட்டிருந்தா, அடியில மூணுல ரெண்டு பங்கை ஆர்மர் வாங்கிக்கும். ஆள் நின்னு திருப்பி அடிப்பான். ஒரே குறி, ஒரே அடி... முடிவு மட்டும் வேற!

எய்ம் சரியா வர மாசக்கணக்கு ஆகும். ஆனா 25 வரைக்கும் எண்ணத் தெரியாதவன் யாராவது இருக்கானா? ‘எனக்கு செட் ஆகாது’ன்னு சொன்ன பையன் கையில முதல்ல கொடுக்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். அவன் எண்ணி, போய் நின்னு, முதல் தடவையா சீனியருக்கு முன்னாடி ரெட் ஆர்மரைத் தூக்குற அந்த நிமிஷம்... முகத்தைப் பாருங்க, ட்யூப்லைட் எரியும்!

மூணாவது வாரம்: மூணே துப்பாக்கி

தூரத்துல இருந்தா ரெயில்கன். நடுத்தூரத்துல லைட்னிங் கன். கிட்டத்துல ராக்கெட். ராக்கெட்டை நெஞ்சைப் பார்த்து விடாதே, காலடித் தரையைப் பார்த்து விடு. நேரா படாட்டியும் வெடி காலை வாரும்.

அப்புறம் ‘ஸ்ட்ரேஃப் ஜம்ப்’. முன்னாடி பட்டனோட சைடு பட்டனையும் அழுத்தி, குதிக்கும்போதே மவுஸை அதே பக்கம் மெதுவா வளைச்சா, ஓட்டத்தை விட வேகம் கூடும். கேமோட கணக்குல ஒளிஞ்சிருந்த வில்லங்கம், கடைசியில அதுவே கலையாயிடுச்சு. இதுக்கு தினம் பத்து நிமிஷம் தனியா பிராக்டீஸ். சண்டையில கத்துக்க முடியாது.

இன்னொண்ணு, ஹெட்போன் கட்டாயம். ஆசிரமத்துக்குப் பக்கத்துல குண்டு சத்தம் கேட்டா மயிலே கோவிச்சுக்கும்ங்கிறது ஒரு பக்கம். காலடிச் சத்தம், குதிக்கிற சத்தம், பக்கத்துல யாரோ ஆர்மர் எடுத்த சத்தம்... க்வேக்ல பாதித் தகவல் காதுவழிதான் வரும். பேசாம இருந்து கவனிக்கிறவன்தான் இங்கே பலசாலி. இந்த கேமோட கடைசி வில்லன் ‘ஜீரோ’வையே தியானத்துல ஊறின துறவி மாதிரிதான் படைச்சிருக்காங்க. நம்ம ஏரியாவுக்குப் பொருத்தமான வில்லன்!

சீனியர்களே, இது உங்களுக்கு!

ஒண்ணு, கேம் செட்டிங்ல ‘ஹேண்டிகேப்’னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை 50-க்கு இறக்கினா உங்க ஹெல்த்தும் குறையும், நீங்க கொடுக்குற அடியும் குறையும். ஜூனியரோட ஆடும்போது இறக்கிட்டு உட்காருங்க. விட்டுக்கொடுத்து வேணும்னே தோக்காதீங்க, அவன் கண்டுபிடிச்சுடுவான். அது 20-க்கு மைனஸ் 2-வை விடக் கேவலமா வலிக்கும்.

ரெண்டு, டெமோ ரெக்கார்ட் பண்ணுங்க. செஸ் கோச்சுங்க தோத்த ஆட்டத்தைத்தானே முதல்ல திருப்பிப் போட்டுப் பார்க்கிறாங்க? 2024-ல 18 வயசுல உலக சாம்பியன் ஆன குகேஷ் வளர்ந்த சென்னையில இது எல்லா செஸ் கிளாஸும் அறிஞ்ச பாடம். ஜூனியர் செத்த இடத்துல நிறுத்தி, “பத்து செகண்டுக்கு முன்னாடி நீ எங்கே இருந்தே?”ன்னு மட்டும் கேளுங்க. பதிலை அவனே சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தப்பு. பத்து தப்பை லிஸ்ட் போட்டா அதுக்குப் பேரு கோச்சிங் இல்லை, ராகிங்!

மூணு, 45 நிமிஷம் முடிஞ்சா பெட்டியை மூடுங்க. அரியர் வந்தா ரெட் ஆர்மர் காப்பாத்தாது.

மைனஸ் ஒண்ணு பெருமை

1997-ல அமெரிக்காவுல ‘ரெட் அனைஹிலேஷன்’னு ஒரு போட்டி நடந்துச்சு. ஆட்டம், முதல் க்வேக். ஆன்லைன்ல சுமார் 2000 பேர் மோதி, ஃபைனல் அட்லாண்டாவுல இ-த்ரீ கண்காட்சியில. பரிசு என்ன தெரியுமா? கேமை உருவாக்கின ஜான் கார்மாக்கோட சொந்த சிவப்பு ஃபெராரி! ஜெயிச்சவர் டென்னிஸ் ஃபாங், பட்டப்பேர் ‘த்ரெஷ்’. எதிராளி எங்கே வருவான்னு முன்கூட்டியே தெரியற மாதிரி ஆடுவார்ங்கிறதால அதுக்கு ‘த்ரெஷ் இ.எஸ்.பி.’ன்னே பேர் வெச்சாங்க. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எந்தப் பொருள் எப்போ முளைக்கும்னு தெரிஞ்சா, எதிராளி எப்போ எங்கே போவான்னு தெரிஞ்சுடும்.

அந்த ஃபைனல் ஸ்கோர் என்ன தெரியுமா மக்களே? 14-க்கு மைனஸ் 1! ரெண்டாயிரம் பேர்ல ரெண்டாவதா வந்த ஆளுக்கே மைனஸ்! அப்போ முதல் நாள் ஆடுற போளூர் பையனுக்கு என்ன வெட்கம்?

மனுஷனை விடுங்க. 2019-ல டீப்மைண்ட் நிறுவனம் க்வேக் 3-யில கொடி பறிக்கிற ஆட்டத்தை ஏ.ஐ.க்குக் கத்துக்கொடுத்து, அதைப் பத்தி ‘சயின்ஸ்’ இதழ்ல எழுதினாங்க. நல்லா ஆடுற மனுஷங்களை அது ஜெயிச்சுது. ஆனா அதுக்கு முன்னாடி ஆடிப் பழகினது சுமார் நாலரை லட்சம் ஆட்டம்! மெஷினுக்கே நாலரை லட்சம்னா, நம்ம தம்பி பத்து ஆட்டத்துல ‘செட் ஆகாது’ன்னு முடிவு பண்றது நியாயமா?

இந்த கேம் ஆடி வேலை கிடைக்கும்னு நான் புருடா விடலை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழே கொண்டுவந்தது உண்மைதான். ஆனா க்வேக்கை நம்பி யாரும் டிகிரியை விட்டுடாதீங்க. இதுல கிடைக்கிறது வேற. முதல் நாள் புரியாத ஒண்ணை, பிரிச்சுப் பிரிச்சுக் கத்துக்கிட்டா புரியும்ங்கிற தைரியம். செகண்ட் செமஸ்டர் மேத்ஸ் பேப்பரைப் பார்த்ததும் ‘எனக்கு செட் ஆகாது’ன்னு வாய் வரைக்கும் வரும்போது, அந்தத் தைரியம்தான் ரெட் ஆர்மர்.

உங்க ரூம்ல புதுசா ஒரு தம்பி வந்திருக்கானா? ஹேண்டிகேப்பை 50-க்கு இறக்குங்க. பக்கத்துல உட்காரவெச்சு 25 வரைக்கும் எண்ணச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா!