வாக்கைக் காப்பவரின் வாக்கு

கடலூர்த் தொகுதியில் வாக்குரிமை பெற்ற ஆசிரியர் ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலன்று சிதம்பரத் தொகுதியின் சாவடிக்கு அனுப்பப்படுகிறார். நாள் முழுதும் பிறர் வாக்கைக் காத்து நிற்கும் அவர், தம் வாக்கை அஞ்சல் வாக்குச் சீட்டிலேயே அளித்தாக வேண்டும். அதனோடு வரும் உறுதிமொழித் தாளில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் இருத்தல் வேண்டும். அதில் குறையிருப்பின், எண்ணுமிடத்தில் உள்ளுறையைப் பிரியாமலே தள்ளிவிடுவர்.

இராதாபுரத்தில் நிகழ்ந்ததை ஆசிரியருலகம் மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அங்கு வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். தள்ளப்பட்டு வழக்கிற்குள்ளான அஞ்சல் வாக்குகளோ 203! நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியரின் சான்றொப்பம் செல்லாதென்பதே சொல்லப்பட்ட காரணம். மாணவர்க்குப் பள்ளிச் சான்று வழங்கும் கை, உடனாசிரியர் வாக்கிற்கு ஒப்பமிடத் தகுதியற்றதாம்! அவ்வொப்பம் செல்லும் என்று சென்னை உயர் முறைமன்றம் 2019இல் தீர்ப்பளித்து மீள எண்ணப் பணித்தது. எண்ணினர், ஆயின் முடிவை அறிவிக்க உச்ச முறைமன்றம் தடை விதித்தது. 2021இல் அச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிற்று.

தேர்தற் பணியாளர் தம் சீட்டை அஞ்சலில் விடுக்காமல், வாக்காளர் உதவி நடுவத்திலேயே பெற்று அங்கேயே செலுத்துமாறு 2023இல் விதி திருத்தப்பட்டது. நன்று. ஆயினும், 12ஆம் படிவத்தை உரிய காலத்தில் கொடாதவர்க்குச் சீட்டே இல்லை. பணியாணையோடு அப் படிவத்தையும் கையில் தந்து, பயிற்சிக் கூடத்திலேயே நிறைத்து வாங்கிக்கொள்ள அரசினர்க்கு என்ன தடை?