"நிச்சயமா எடுக்கணுமா?"

பென்ஷன்னு பார்த்ததும் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. இருபது வயசுல பென்ஷனைப் பத்தி யாரும் யோசிக்கிறதில்லைன்னு எனக்கும் தெரியும். நானே ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு மேல எதையும் யோசிச்சதில்லை. ஆனா ஒரு சின்ன கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். லேப்டாப்ல ஒரு ஃபோல்டரை நிரந்தரமா அழிக்கப் போனா, "நிச்சயமா?"ன்னு ஒரு பெட்டி வந்து கேக்குது இல்லையா? ஒருத்தர் முப்பது வருஷம் சேர்த்த பணத்தை எடுக்கப் போகும்போது அப்படி ஒரு பெட்டி வரணுமா, வேண்டாமா?

வரணும்னு பிரிட்டன் சட்டமே போட்டிருக்கு. அது எப்படி வந்ததுங்கறதுதான் சுவாரஸ்யம்.

அங்க தனியார் வேலையில இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு இப்போ மாசாமாசம் நிச்சயமா இவ்வளவு வரும்கிற பழைய மாதிரி பென்ஷன் கிடையாது. தொழிலாளியும் முதலாளியும் போடுற பணம் ஒரு கணக்குல சேருது, சந்தையில முதலீடாகுது, கடைசியில எவ்வளவு இருக்கோ அதுதான். முன்னாடியெல்லாம் அந்தப் பணத்தை வச்சு ஆயுள் முழுக்க மாசத்தொகை தர்ற 'ஆன்யுட்டி' ஒண்ணை வாங்குறதுதான் பெரும்பாலானவங்களுக்கு இருந்த வழி. 2014 பட்ஜெட்டுல நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதைத் தூக்கிட்டார். 2015 ஏப்ரல்ல இருந்து 55 வயசு ஆனா போதும், மொத்தமாவோ கொஞ்சம் கொஞ்சமாவோ உங்க இஷ்டத்துக்கு எடுக்கலாம். எடுத்து லம்போர்கினி வாங்கினாலும் அது அவங்க விருப்பம்ங்கற மாதிரி அப்போதைய பென்ஷன் அமைச்சர் ஸ்டீவ் வெப் பேசினது அங்க ரொம்பப் பிரபலம்.

சுதந்திரம் நல்லதுதான். ஆனா கால்வாசிக்குத்தான் வரி இல்ல, மீதியெல்லாம் அந்த வருஷ வருமானத்தோட சேர்ந்து வரிக்குப் போகும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? மொத்தமா உருவினா ஒரே வருஷத்துல பெரிய வரி கட்டணும். அதுக்காகத்தான் 'பென்ஷன் வைஸ்'னு ஒரு இலவச சேவையையும் அரசே ஆரம்பிச்சுது. 50 வயசு தாண்டினவங்க போன்லயோ நேர்லயோ ஒரு மணி நேரம் பேசலாம். "இதைச் செய்"னு சொல்ல மாட்டாங்க. என்னென்ன வழி இருக்கு, எதுக்கு எவ்வளவு வரி, எங்க ஏமாத்துறாங்கன்னு விளக்குவாங்க.

சேவை இருந்துச்சு, ஆள்தான் வரலை. கடிதத்தோட கடைசிப் பக்கத்துல "இப்படி ஒரு சேவை உண்டு"ன்னு அச்சடிச்சா யார் படிப்பா? நம்ம காலேஜ் சர்க்குலரை நாம படிக்கிற லட்சணம் தெரியாதா? ஒரு சோதனை நடத்திப் பார்த்தாங்க. வழக்கமான முறையில சுமார் 3% பேர்தான் அந்த ஆலோசனைக்குப் போனாங்க. பணம் கேட்டு போன் பண்ணும்போதே எடுத்துச் சொல்லி, புக் பண்ணித் தர்றோம்னு சொன்னப்போ அது சுமார் 11% ஆச்சு.

அதுல இருந்து வந்த விதிதான் 2022 ஜூன் 1 முதல் அமல்ல இருக்கு. பணத்தை எடுக்கவோ வேற இடத்துக்கு மாத்தவோ ஒருத்தர் கேட்டா, அந்த பென்ஷன் நிறுவனம் வழிகாட்டுதலைப் பத்தி விளக்கணும். நேரம் புக் பண்ணித் தரவும் முன்வரணும். அவர் போய்ட்டு வந்தேன்னோ, எனக்கு வேண்டாம்னோ தெளிவா சொல்ற வரைக்கும் பணத்தை நகர்த்தக் கூடாது.

"வளர்ந்த மனுஷனுக்கு எதுக்கு இந்த ஆயா வேலை?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா விதி யாரையும் தடுக்கலையே. "வேண்டாம்" சொல்ற உரிமை அப்படியே இருக்கு. சும்மா நழுவிப் போற வழியை மட்டும் அடைச்சிருக்கு.

காசு கொடுத்து நிபுணர்கிட்ட கேக்கலாமேன்னா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2017-ல பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் திட்டத்துல இருந்து சுமார் 8,000 பேர் வெளியேறினாங்க, போர்ட் டால்பாட் மாதிரி இரும்பு ஆலை ஊர்க்காரங்க. நிச்சயமா வர்ற பென்ஷனை விட்டுட்டுப் போறதா இருந்தா, தொகை 30,000 பவுண்டுக்கு மேல போனா நிபுணர் ஆலோசனை சட்டப்படி கட்டாயம். அவங்களும் வாங்கினாங்க. பின்னாடி பார்த்தா, அதுல கிட்டத்தட்ட பாதி ஆலோசனை அவங்களுக்குப் பொருந்தாததுன்னு நிதிக் கண்காணிப்பு அமைப்பே சொல்லிச்சு. அப்போ ஆள் மாறினாதான் நிறைய ஆலோசகர்களுக்கு ஃபீஸ் கிடைச்சுது. எதையும் விக்காத ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் பேசுறதோட மதிப்பு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

எனக்கு இந்த விதி மேல குறை ஒண்ணுதான்: அது ரொம்ப லேட்டா வருது. போன் பண்றவர் ஏற்கனவே முடிவு எடுத்துட்டார். மக வீட்டுக்கு முன்பணம், இல்ல சமையலறை வேலைன்னு மனசுல கணக்குப் போட்டு முடிச்சாச்சு. அப்போ கேள்வி கேட்டா, வெப்சைட்ல குக்கீஸுக்கு நாம "ஓகே" அழுத்துற மாதிரிதான் பதில் வரும். அதுக்கு முன்னாடியே, தானாவே நேரம் ஒதுக்கி அனுப்பிப் பாருங்கன்னு அங்க ஒரு நாடாளுமன்றக் குழு கேட்டுது. அரசு ஒத்துக்கலை. குழு சொன்னதுதான் சரின்னு படுது எனக்கு.

இதெல்லாம் நமக்கு எதுக்குங்கறீங்களா? பிளேஸ்மென்ட்ல சேர்ந்த முதல் மாசமே உங்க சம்பளத்துல பி.எஃப். பிடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச சீனியர் அண்ணன் ஒருத்தர், ரெண்டு வருஷத்துல கம்பெனி மாறும்போது பழைய பி.எஃப்.-ஐ அப்படியே எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டினார். 60,000 ரூபாய்தான். 8% வட்டின்னு வச்சு 58 வயசு வரைக்கும் விட்டிருந்தா ஏழரை லட்சத்துக்கு மேல வரும். அதை விடுங்க, பைக்கும் தேவைதான். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரி உண்டுங்கறது அவருக்குத் தெரியாது. அதைவிடப் பெருசு, பென்ஷன் பகுதிக்கான படிவம் 10சி. அதுல பணமா வாங்கிட்டா அதுவரைக்கும் செஞ்ச சர்வீஸ் கணக்கு போச்சு. மாச பென்ஷனுக்குத் தேவையான பத்து வருஷத்தை மறுபடி பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குப் பதிலா ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கினா அந்த ரெண்டு வருஷமும் கூடவே வரும்.

யூடியூப்ல தேடிப் பாருங்க, "பி.எஃப். எடுப்பது எப்படி"ன்னு வீடியோவுக்குக் குறைச்சலே இல்ல. "எடுக்கலாமா"ன்னு கேக்கறதுதான் அபூர்வம். அந்தக் கேள்வியை கிளெய்ம் போடுற இடத்துலயே, ஒரு மனுஷக் குரல்ல, தமிழ்ல, ஒருதரம் கேக்கணும்கறதுதான் என் கோரிக்கை. ஓ.டி.பி. அனுப்ப முடியுது, ஒரு போன் கால் முடியாதா?

போன வாரம் அந்த அண்ணன்கிட்ட 10சி-ல எதைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு கேட்டேன்.

"எது 10சி? வீடியோல ரெண்டு ஃபார்மும் போடச் சொன்னான், போட்டேன்டா"ன்னார்.