பழி குளிருக்கு, செலவு நமக்கு

மார்கழி வந்தால் எங்கள் காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. இன்னொன்று, ஏதாவது ஒரு தெருவில் ஒரு பழைய கார் "கிர்ர்... கிர்ர்... கிர்ர்..." என்று இழுத்துவிட்டு அடங்கிப்போகும் சத்தம். கூடவே ஒருவர் குரல்: "குளிருங்க... அதான் எடுக்க மாட்டேங்குது."

என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

எந்தக் குளிருங்க? டிசம்பர், ஜனவரியில் நம்ம ஊர் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். டெல்லிக்காரர் பார்த்தால் அரைக்கைச் சட்டையோடு வாக்கிங் போவார். சரி, நம்ம ஊரில் ஓடும் பழைய கார்களின் பூர்வீகம் என்ன? அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. மாருதி 800, ஜப்பானின் சுசுகி. மூன்றுமே பனி கொட்டும் தேசங்களில் பிறந்தவை. அதெல்லாம் பிள்ளையார்பாளையத்துக் குளிரில் விறைத்துப் போய்விட்டது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கு?

கதை சொல்கிறேன். எங்கள் பெரியப்பாவிடம் 1996 மாடல் மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. மாதம் இரண்டு மூன்று தடவை புடவைக் கட்டுகளோடு சென்னைக்குப் போய் வரும். மற்ற நாட்களில் வாசலில் நிற்கும். இரண்டு மார்கழியாக ஒரே தகராறு. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் பத்துப் பதினைந்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டும். எடுத்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க சமர்த்து.

முதலில் பேட்டரி மாற்றினார்கள். சரியாகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய குருடி. கடைசியில் "கார்புரேட்டரே போச்சுங்க, மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினோம். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் காலையில்... கிர்ர், கிர்ர், கிர்ர்.

"குளிர் கொஞ்சம் குறையட்டும் சார், தானா சரியாயிடும்" என்றார் அவர். இந்த அறிவுரைக்குத்தான் பத்தாயிரம்!

இத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. நானும் என் நண்பனும் (இரண்டு பேரும் மெக்கானிக்கல் மாணவர்கள், அதனால் தைரியம் அதிகம் :-)) ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் செய்தோம். பத்துத் தடவை செல்ஃப் அடித்த பிறகும் பிளக் காய்ந்து கிடந்தது. கரன்ட் நன்றாகவே வந்தது. அப்படியானால் பெட்ரோல் வந்து சேரவில்லை. புதுக் கார்புரேட்டர் பாவம், வராத பெட்ரோலை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

டேங்கிலிருந்து வரும் லைனுக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, பெட்ரோல் தாங்கும் கண்ணாடி மாதிரி டியூப் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். முட்டை முட்டையாகக் காற்று போய்க்கொண்டிருந்தது! கழற்றிய ஹோஸை வளைத்துப் பார்த்தால் கிளிப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் பெட்ரோல் வெளியே சொட்டவில்லை, காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது லைனில் இருக்கும் பெட்ரோல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி முதலிலிருந்து இழுத்து வர வேண்டும். ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

"அப்போ ஏம்ப்பா மார்கழியில மட்டும் வந்துச்சு?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வயசான ரப்பர் குளிர்ச்சியில் இன்னும் விறைத்து, கிளிப்பில் சரியாகப் பிடிக்காது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் சோக் இழுத்து அதிகமாகக் கொடுக்கிறோம். மற்ற மாதங்களில் கொஞ்சம் குறைவாக வந்தாலும் சமாளித்த இன்ஜின் மார்கழியில் சமாளிக்கவில்லை. பழுது வருஷம் முழுக்க இருந்தது, குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவுதான். காட்டிக்கொடுத்தவனையே திருடன் என்று கட்டி வைத்து அடிக்கிறோம்.

சரி, எப்படித்தான் பார்க்க வேண்டும்? ராக்கெட் சயின்ஸ் இல்லை, வரிசை முக்கியம்.

முதலில் கேள்வி. காலையில் மட்டுமா? நாலு நாள் நின்றால் மட்டுமா? சூடான பிறகும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அடுத்து செல்ஃப் சத்தம். மந்தமாகச் சுற்றினால் பேட்டரி, டெர்மினல் பக்கம் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் நனைந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. கரன்ட் இருக்கிறதா பாருங்கள். நம்ம ஊர்க் குளிரைவிட அதன் கூட வரும் ஈரம்தான் வில்லன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் பனி ஈரம் படிந்தால் கரன்ட் வழியிலேயே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்ததும் எடுத்தால் விஷயம் முடிந்தது. கரன்ட் நன்றாக இருந்தும் நனைகிறது என்றால், சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கார்புரேட்டரில் ஃபிளோட் ஊசி மூடாமல் வழியலாம்.

பிளக் காய்ந்திருந்தால் டேங்கிலிருந்து ஆரம்பித்து வாருங்கள். பெட்ரோல் இருக்கிறதா (பழைய வண்டி கேஜ் பொய் சொல்லும்), ஃபில்டர், ஹோஸ், பம்ப், ஃபிளோட் ஊசி, கடைசியில் ஜெட். மலிவான சாமானில் ஆரம்பித்து விலை உயர்ந்ததில் முடியும் வரிசை இது. நம்மவர்கள் சரியாகத் தலைகீழாகப் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் லைனைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்போ கரன்ட் பொறியோ கூடாது. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணும் வீர சாகசம் வேண்டவே வேண்டாம். பேக்ஃபயர் ஆனால் முகம் போய்விடும்.

இப்போது இன்னொரு சாக்கும் கிடைத்துவிட்டது. "எல்லாம் எத்தனால் பண்ற வேலை சார்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-இல் நாடு முழுக்க வழக்கமானதாகிவிட்டது. எத்தனாலுக்கு எரியக் குறைந்த காற்று போதும். சென்சார் உள்ள புது வண்டி அதற்கேற்ப சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது, கலவை மெலிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் எத்தனால் ஆவியாவதும் கஷ்டம். பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும்.

பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நமக்குத் தேர்வே இல்லை என்பது அநியாயம்தான். ஆனால் அதைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டால் ஹோஸ் தானாக மாறிவிடுமா? எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மொத்தமாக மாற்றுங்கள். ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நான் அயோக்கியன். அந்த அண்ணன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடி, நூறு ரூபாய் ஹோஸ்தான் பழுது என்று சொல்லியிருந்தால் நாம் என்ன கொடுத்திருப்போம்? "பார்த்ததுக்கு என்னப்பா ஐந்நூறு ரூபா?" என்று கேட்டிருப்போம். அதே ஆள் பெட்டியோடு புதுச் சாமானைக் காட்டினால் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்று வைத்தால் அவரும் மாற்றத்தான் செய்வார்.

இது எங்கள் ஊர்க்காரனுக்குப் புதுசு இல்லை. பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம் என்று கேட்பார்கள். கோர்வை போட்ட கைக்கு எவ்வளவு என்று கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தறிக்காரன் கூலிக்கு நியாயம் கேட்கும் நாமே, மெக்கானிக்கின் மூளைக்குக் காசு கொடுக்க மறுக்கிறோம்.

அதனால் அடுத்த மார்கழியில் வண்டி மக்கர் பண்ணினால் மெக்கானிக்கிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: "அண்ணே, எதையும் மாத்த வேணாம். என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்."

பி.கு: பெரியப்பா வண்டி இந்த மார்கழியில் இரண்டாவது செல்ஃபிலேயே எடுத்துவிட்டது. கழற்றி வைத்த பழைய கார்புரேட்டர் பரணில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை!