"ஒண்ணுமில்ல" என்பது பதில் இல்லை

தெமோதரையில நம்ம வயசுப் பொடியன் ஒருத்தன்கிட்ட "என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஒண்ணுமில்ல" என்பான். இன்னொரு தடவை கேட்டால் "கடுப்பா இருக்குடா" என்பான். மூணாவது தடவை யாரும் கேட்பதில்லை. நம்ம ஆம்பளைப் பிள்ளைகளிடம் இருக்கிற உணர்ச்சிச் சொற்கள் அவ்வளவுதான்.

நம்ம அம்மாமாருக்கு அதுகூட இல்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா கெடக்கு", "மேலுக்கு முடியல." எல்லாத்துக்கும் பெனடோல்தான். கவலை ஏன் உடம்பு வழியா மட்டும் பேசுது? காய்ச்சல் என்றால் லீவு கேட்கலாம். மனசு சரியில்லை என்றால் அன்றைக்குப் பேர் விழாது. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர், தன் உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு 'அலெக்ஸிதைமியா' என்று பெயர் வைத்தார். அவர் தனி மனிதர்களைப் பற்றிச் சொன்னார். நான் சொல்வது, சொல்ல நேரமும் இடமும் கொடுக்கப்படாத ஒரு சமூகத்தைப் பற்றி.

இதைச் சரிசெய்யத்தான் செயலமர்வுகள் நடக்கின்றன. நானும் ஒன்றுக்குப் போனேன். வட்ட வட்டமாக முகம் வரைந்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கோப முகத்துக்குச் சிவப்பு. "கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணுங்கள்" என்றார் வந்தவர். நாங்கள் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறோம், ஐயா! ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் போராடி, அது வர்த்தமானியில் வந்தது 2021இல். 1350 ஆனது 2024இல். கோபத்தை அடக்கும் வழி சொன்னாரே தவிர, எதனால் கோபம் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.

சரி, அவரைத் திட்டியாச்சு. இப்ப நம்மகிட்ட வருவோம். நாம கோபம் என்று சொல்வதெல்லாம் கோபம்தானா?

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தபோது "ஊர் எது தம்பி?" என்று கேட்பார்கள். "பதுளைப் பக்கம்" என்பேன். தோட்டம், லயம் என்ற சொற்கள் வாயில் வராது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் சோத்தில் உப்பு குறைவு என்று அம்மாமேல் எரிந்து விழுவேன். அதை ரோஷம் என்றே பல வருஷம் நினைத்தேன். அது வெட்கம். அம்மாவின் கொழுந்துக்கறை படிந்த விரலைப் பார்த்து எனக்கு வந்த வெட்கம். எழுதவே கூசுது.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் இளிவரல் வேறு, வெகுளி வேறு. மூப்பு, நோய், வருத்தம், எளிமை இவற்றால் தாழ்ந்துபோனதாக உணர்வது இளிவரல். நம்மையும் நம்மைச் சேர்ந்தவர்களையும் ஒருவர் நலிவிக்கும்போது வருவது வெகுளி. வெகுளிக்கு எதிரே ஓர் ஆள் உண்டு. இளிவரல் உள்ளேயே அரிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவரைத்தான் அடிப்பான்: பொண்டாட்டியை, தங்கச்சியை. இல்லாவிட்டால் கசிப்புக்குப் போவான். லயத்தில் ராத்திரி கேட்கிற சத்தத்தில் எத்தனை உண்மையான கோபம்?

பயமும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று நம்ம மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளையில் மண் சரிந்தது. மழை ராத்திரியில் தூங்காத கிழவியைப் "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கிறோம். அவளுடைய பயம் சரியான தகவல். பாதுகாப்பான காணி கேட்கும் மனுவின் முதல் வரியே அதுதான்.

"சம்பளத்துக்கே வழியக் காணோம், இதுல உணர்ச்சி ஆராய்ச்சியா?" என்று தோழர்கள் கேட்பார்கள். ஆமாம், ஆராய்ச்சிதான். 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் நம்மைத் தலைக்கணக்கில் பங்கு போட்டார்கள். வெட்கப்பட வேண்டியது பறித்தவர்கள். தலைகுனிந்து நிற்பதோ பறிகொடுத்தவரின் பேரன். இது வெட்கம் என்று கண்டுபிடித்தால்தான் இது என்னுடையதல்ல என்று திருப்பிக் கொடுக்க முடியும். அதற்குப் பிறகு மிஞ்சுகிற கோபம் அம்மாமேல் பாயாது. போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

அதனால் "கடுப்பு" என்று வாயில் வரும்போது கொஞ்சம் நில்லுங்க. வெட்கமா, பயமா, துக்கமா, ஏமாற்றமா? யாரால் வந்தது? யார்மேல் காட்டப்போறேன்? தனியாகத் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோட்டங்களுக்குத் தமிழ் பேசும் உளவள ஆலோசகர்கள் வேண்டும் என்றும் சேர்ந்து கேட்போம்.

அதுவரைக்கும், "ஒண்ணுமில்ல" என்கிற கூட்டாளியிடம் மூணாவது தடவையும் கேளுங்க.