வைரஸ் போனது, கணனி எழும்பவில்லை

வைரஸைச் சுத்தம் செய்த மறுநாள் கணனி எழும்ப மறுக்கிறதா? பதறிப்போய், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் முதல் நடையும், மௌத்தான உம்மாவின் குரலும் அதற்குள்ளே இருக்கலாம்.

வைரஸ் சிலவேளை விண்டோஸின் உறுப்பொன்றிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதை அகற்றும்போது உறுப்பும் சேர்ந்து போய்விடுகிறது. நோயில்லாத உறுப்பை வெட்டியதும் உண்டு. 2010 ஏப்ரல் 21ஆம் திகதி மெக்அஃபியின் வைரஸ் தடுப்பு, விண்டோஸ் எக்ஸ்பிக்கு அத்தியாவசியமான கோப்பொன்றை வைரஸ் என்று தவறாக எண்ணிவிட்டது. ஏராளமான கணனிகள் அணைவதும் எழும்புவதுமாகத் தவித்தன. பழுதானது விண்டோஸ்தான், சொந்தக்காரர்களின் படங்களும் கடிதங்களும் அல்ல.

எனவே ஒழுங்காகச் செய்யுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், கணனி எழும்பும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்'. பலனில்லையென்றால் 'சிஸ்டம் ரெஸ்டோர்'. அது விண்டோஸை முந்திய ஒரு திகதிக்குத் திருப்பும், உங்கள் படங்களைத் தொடாது.

அதுவும் சரிவராவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணனியில் பொருத்தி, படங்களையும் கடிதங்களையும் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். புரோகிராம்கள் வேண்டாம், அவற்றோடு வைரஸும் கூடவே வரலாம். பிரதி எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகே விண்டோஸைப் புதிதாகப் போட விடுங்கள்.

கணனி நலமாக இருக்கும் வீடுகளில், இன்றிரவே ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். விண்டோஸ் மறுபடி கிடைக்கும். உம்மாவின் குரல் கிடைக்காது.