வினாக்கொத்தில் இல்லாத கேள்வி

2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வறிக்கை இன்னமும் என் மேசையை விட்டு அகலவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் உளநல ஆய்வுத் திட்டத்தின் கிளையாக, ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் ரொனால்ட் கெஸ்லர் முதலானோர் முன்னெடுத்த பன்னாட்டுக் கூட்டு முயற்சி அது. எட்டு நாடுகள், 19 பல்கலைக்கழகங்கள், 13,984 முதலாம் ஆண்டு மாணவர்கள். மனச்சோர்வு, பதகளிப்பு, மதுப் பாவனை உள்ளிட்ட ஆறு கோளாறுகளில் ஒன்றேனும் வாழ்நாளில் எப்போதோ இருந்தமைக்கான அறிகுறியைக் காட்டியோர் 35 சதவீதத்தினர்.

தலைப்பிட்டுப் பழகிய கை, 'மாணவரில் மூவருக்கு ஒருவர் மனநோயாளி' என்று எழுதத் துடிக்கும். அது பிழை. அறிகுறி வேறு, வைத்தியர் நோயென நிர்ணயிப்பது வேறு. அழைக்கப்பட்டோரில் பாதிக்கும் குறைவானோரே பதிலளித்திருந்தனர். எனினும் ஒரு பல்கலைக்கழகம் தனித்து இதைச் சொல்லியிருந்தால், 'அந்த அணி மாணவர்கள் அப்படி' என்று நிர்வாகம் கைகழுவியிருக்கும். பெல்ஜியமும் மெக்சிகோவும் தென்னாபிரிக்காவும் ஒரே அளவுகோலுக்கு உட்படும்போது அந்தச் சாட்டு எடுபடாது. எல்லை கடந்த ஆய்வின் பெறுமதி இதில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த எட்டில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை. வட அயர்லாந்து தனி நாடாக எண்ணப்பட்டிருக்கிறது; அது கிடக்கட்டும்.

ஆசியாவில் முயற்சியே இல்லையென்று சொல்வதற்கில்லை. தென்கிழக்காசியப் பல்கலைக்கழகங்கள் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு சுகாதார மேம்பாட்டு வலையமைப்பொன்றை அமைத்திருக்கின்றன. அந்நாட்டில் மது, புகையிலை வரிகளின்மீது அறவிடப்படும் இரண்டு சதவீத மேலதிகத் தொகையில் இயங்கும் சுகாதார மேம்பாட்டு நிதியமொன்று 2001 முதல் இருந்து வருவது இத்தகைய பணிகளுக்குப் பெரும் பக்கபலம். அந்த வலையமைப்பின் வழிகாட்டி, வளாகத்தில் அறவே இடமளிக்கலாகாதவை என்று சிலவற்றைக் குறிக்கிறது. புகைத்தல், போதைப்பொருள் ஆகியவற்றோடு வன்முறையும் மிரட்டலும் பாலியல் தொந்தரவும் அப்பட்டியலில் உள்ளன. சுகாதாரப் பட்டியலில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இலங்கையில் அதற்குப் பெயர் பகிடிவதை. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி முடமானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர், சிரேஷ்ட மாணவர்கள் வற்புறுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். உடற்பயிற்சி செய்யுங்கள் என்பதே சுகாதார மேம்பாட்டின் பாலபாடம். இங்கே அதுவே கொலைக்கருவியாயிற்று. மறு வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் பகிடிவதை ஒழியவில்லை. எமது நிர்வாகங்களோ இதனை இன்றளவும் ஒழுக்காற்று விவகாரமாகவே பார்க்கின்றன. விசாரணைக் குழு அமைக்கப்படும், வகுப்புத் தடை விதிக்கப்படும், பின்னர் மறக்கப்படும். புதுமுக மாணவரின் உறக்கமின்மையும் பசியின்மையும் எந்தக் கோப்பிலும் பதியப்படுவதில்லை.

நமது பல்கலைக்கழகங்கள் இத்தகைய கூட்டாய்வுகளில் தயக்கமின்றி இணைய வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தரவு திரட்டிக் கொடுக்கும் கூலிகளாக அல்ல. வேறொரு நாட்டில் வரையப்பட்ட வினாக்கொத்துக்குப் பகிடிவதை தெரியாது. யாழ்ப்பாணத்து மாணவி 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லமாட்டாள். 'ஒரே யோசனையாக் கிடக்கு', 'நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்கு' என்பாள். அந்த 'யோசனை' சிந்தனையன்று, நோவு. இதை அறியாத மொழிபெயர்ப்பு அவளை ஆரோக்கியமானவள் என்று எண்ணி விட்டுவிடும். போரின் உளத்தாக்கம் பற்றி விரிவாக எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலும் அடிலெய்ட் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். இரு கரையும் தெரிந்த அத்தகையோர் வினாக்களை வரையும் மேசையிலேயே அமர வேண்டும், பிழை திருத்தும் மேசையில் அல்ல.

இன்னுமொன்று. பதிலளித்த மாணவருக்குக் கிடைப்பதென்ன? ஆய்வாளருக்குக் கட்டுரை, பல்கலைக்கழகத்துக்குத் தரவரிசைப் புள்ளி. உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் உபவேந்தர்கள் இரண்டு நிபந்தனைகளை எழுதுவிக்கலாம்: முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அதே விடுதிகளின் அறிவித்தற் பலகைக்கு வரவேண்டும், ஆய்வு நடக்கும் காலமெங்கும் ஓர் உளவளத்துணையாளர் அந்த வளாகத்தில் இருக்கவேண்டும், மாலை ஆறு மணிக்குப் பின்னரும்.