செவியோரத்து வெப்பம்

நெடுநேரம் கைப்பேசியில் பேசி முடித்தபின் காதோரம் சுடுவதை உணராதவர் இலர். அச்சூடு மூளையை வேகவைக்கிறது என்று அஞ்சுவோர் உளர். அதனால் ஒன்றுமில்லை என்று தள்ளுவோரும் உளர். அளந்து அறிய வேண்டியதை இருசாராரும் அளக்காமல் பேசுகின்றனர்.

செவி உணரும் சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சால் வருவதன்று. மின்கலமும் உட்சுற்றுகளும் சூடேறுகின்றன. கருவியை அழுத்திப் பிடிப்பதால் தோலின்மீது காற்றோட்டம் தடைப்படுகிறது. வானலைகளின் செயல் வேறு. அவை திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்து வெப்பம் உண்டாக்குகின்றன. எக்ஸ் கதிர்போல் மரபணுவின் பிணைப்பை முறிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எழுந்த வெப்பத்தையும் ஓடும் குருதி ஏந்திச் சென்றுவிடுகிறது. கதிர்வீச்சு வரம்புக்கு உட்பட்ட கருவியால் மூளையின் வெப்பநிலை ஒரு பாகையின் சிறு பின்னமே உயரும் என்பது கணக்கீடுகள் காட்டும் முடிவு.

புற்றுநோய் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. இவ்வானலைக் கதிர்வீச்சைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் 2011-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி நிகழ்ந்து 2024-இல் வெளிவந்த விரிவான மீளாய்வோ, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை.

ஆயினும் இந்த ஆறுதல் முழுவதும் வரம்பு காக்கப்படுவதைப் பொறுத்தது. திசு உறிஞ்சும் ஆற்றலை எஸ்.ஏ.ஆர். என்ற அளவால் குறிப்பர். 10 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 2 வாட் என இருந்த வரம்பை, 2012 செப்டம்பர் 1 முதல் 1 கிராம் திசுவின் சராசரியில் 1.6 வாட் என்று இந்தியா இறுக்கியது. இது நல்ல முடிவு. சிறு திசுவில் அளந்தால் ஓரிடத்தில் குவியும் சூடு சராசரிக்குள் மறையாது.

அளக்கும் முறையில் குறை எஞ்சியுள்ளது. சோதனைக் கூடத்தில் பயன்படும் செயற்கைத் தலை, 1980களின் இறுதியில் அளவெடுக்கப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களுள் பெருந்தலையினரைப் பின்பற்றியது. குழந்தையின் மண்டையோடும் காதுமடலும் மெல்லியவை. ஆகவே மூளையின் சில பகுதிகள் கருவிக்கு மேலும் அருகில் வருகின்றன. வீரனின் தலைக்கு வகுத்த அளவு மழலையின் தலைக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்வது முறையன்று.

கண்காணிப்பின் தேவையைப் பிரான்சு உணர்த்தியது. கை, கால்களுக்கான வரம்பு கிலோவுக்கு 4 வாட்டாக இருக்க, ஐபோன் 12 கருவியில் 5.74 வாட் பதிவானதால் 2023 செப்டம்பரில் அந்நாட்டு அரசு விற்பனையை நிறுத்தியது. நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது. பெருநிறுவனத்தின் கருவியும் பொதுச் சோதனைக்குத் தலைவணங்கியது. நம் அரசும் கடைகளில் விற்கும் கருவிகளை வாங்கித் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முடிவுகளை மக்கள் மொழிகளில் வெளியிட வேண்டும். சிறார்க்குரிய அளவுமுறை வகுக்க வேண்டும்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. அலைக்கோபுரத்தின் தொடர்பு நலியும் இடத்தில் கைப்பேசி தன் வீச்சைக் கூட்டிக்கொள்ளும். அங்கே பேச்சைச் சுருக்குக. நீண்ட உரையாடலுக்குக் காதொலிப்பானோ ஒலிபெருக்கியோ கொள்க. விரற்கடை விலகினும் தலை ஏற்கும் ஆற்றல் வெகுவாகக் குறையும். புதுக் கருவி வாங்குமுன் *#07# என அழுத்தி அதன் எஸ்.ஏ.ஆர். அளவைப் பார்த்து வாங்குக. குழந்தையின் காதில் கைப்பேசியை வைக்காதீர்.